செத்தால் சிரித்துவிட்டு எழுந்திருங்கள்

காரைக்குடிப் பக்கம் படப்பிடிப்புக்கு வந்து, மேக்கப் போட்ட முகத்தோடு பிளாஸ்டிக் நாற்காலியில் அரை நாள் காத்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு என்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறேன். நான் இதுவரை முப்பத்தொரு முறை செத்திருக்கிறேன். மாரடைப்பில் பதினான்கு, லாரி மோதி நான்கு, பாம்பு கடித்து ஒன்று. மீதியெல்லாம் பெற்ற பிள்ளை சொன்ன ஒரு வார்த்தை தாங்காமல் போனவை. கதாநாயகனுக்கு அப்பா, கதாநாயகிக்குத் தாத்தா, நேர்மையான நீதிபதி என்று எந்த வேடம் கொடுத்தாலும் இடைவேளைக்குள் என் கதையை முடித்துவிடுவார்கள். நான் போனால்தான் கதாநாயகனுக்குக் கோபம் வரும், அவருக்குக் கோபம் வந்தால்தான் படம் நகரும்.

இரண்டு வருடமாக நடிப்பதில்லை. முழங்கால் தேய்ந்துவிட்டது. படுத்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். பிணத்துக்கு அது பரவாயில்லை, மற்ற வேடங்களுக்கு ஆகாது. சென்ற வாரம் ஒரு வெப் சீரிஸில் பிணமாகப் படுக்கப்போகிற புது நடிகர் ஒருவர் போன் செய்து, மூச்சை எப்படி அடக்குவது என்று கேட்டார். அவருக்குப் போனில் சொன்னது பாதிதான். மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் நடிப்புப் பள்ளிக்கெல்லாம் போனவனில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டைப் படப்பிடிப்புக்கு எடுக்க ஒப்பந்தம் எழுத வந்த கம்பெனி மேனேஜர், ஒப்பந்தத்தைப் படிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "நீங்க சும்மா உக்காந்திருந்தாலே யாரோ போயிட்ட மாதிரி இருக்கே சார்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டும் முகம் மாறவில்லை. அடுத்த வாரமே அந்த வீட்டில் கதாநாயகனின் அப்பாவாகப் படுத்துவிட்டேன்.

இத்தனைக்கும் நான் ஞானஸ்நானம் வாங்கிய கத்தோலிக்கன். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவன். ஆனால் சினிமா என்னை எப்போதும் விபூதி பூசித்தான் அனுப்பிவைத்தது. என் நெற்றியில் ஒட்டாத ஒரு ரூபாய் நாணயம் கிடையாது. எங்கள் பங்குச் சாமியார்கூட ஒருமுறை, இத்தனை சாவில் ஒரு தடவையாவது நம் முறைப்படி அடக்கம் செய்யச் சொல்லக் கூடாதா என்று கேட்டார். டைரக்டரிடம் சொல்லிப் பார்ப்பதாகச் சொல்லிவைத்தேன்.

அந்த முதல் படத்தில்தான் எனக்கு ஒரு வாத்தியார் கிடைத்தார். ஆயுள் முழுக்க போலீஸ்காரராகவே நடித்தவர். ஏட்டு வேடத்தில் ஆரம்பித்து இன்ஸ்பெக்டர் வேடத்தோடு நின்றுவிட்டார், டி.எஸ்.பி. ஆக விடவில்லை என்று அவருக்குக் கடைசி வரை வருத்தம். நான் பாடைக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். ரோஜா மாலை கேட்காதே, சம்பங்கியில் தடியாகக் கட்டச் சொல், வயிறு அசைவது தெரியாது என்றார். படுப்பதற்கு முன்னாலேயே அரிக்கிற இடத்தையெல்லாம் சொறிந்துகொள் என்றார். நடுவில் சிரிப்பு வந்தால் மனசுக்குள் பதினேழாம் வாய்ப்பாடு சொல், அதைச் சொல்லும்போது உலகத்தில் எவனுக்கும் சிரிப்பு வராது என்றார். பிறகு அந்த முக்கியமான விஷயத்தைச் சொன்னார். பிணமாக நடித்தவன், ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அதையும் ஓடுகிற கேமராவில் பிடிப்பார்கள். எந்தப் படத்திலும் அது வராது, எடிட்டிங்கில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இருந்தாலும் எடுத்தே ஆக வேண்டும்.

அபசகுனம் கழிவதற்கா என்று கேட்டேன்.

"சாமிக்குன்னு மத்தவுக சொல்லுவாக. நா சொல்றது வேற. லைட்மேன்ல இருந்து டீ குடுக்குறவர் வரைக்கும் இன்னைக்கு ஒன்னயப் பொணமாப் பாத்திருக்காக. அதோட வீட்டுக்குப் போகக் கூடாது. சிரிச்ச மொகத்தப் பாத்துட்டுப் போகட்டும்."

அன்று சிரித்தேன். ஒழுங்காக வந்ததா தெரியாது. கேமராமேன் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது என் மனைவியைச் சொல்ல வேண்டும், அவளைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. பெயர் செசிலி. கணக்கு டீச்சர். ஊரில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவள், மீதிப் பேரை முட்டி போட வைத்தவள். என் முதல் படம் வந்தபோது கூட வேலை பார்க்கிற நான்கு டீச்சர்களை, என் வீட்டுக்காரரைப் பாருங்கள் என்று பெருமையாகத் தியேட்டருக்குக் கூட்டிப்போனாள். படம் ஆரம்பித்து அரை மணி நேரத்தில் நான் நெஞ்சைப் பிடித்தேன். இவள் போட்ட அலறலில் டார்ச் லைட்டோடு ஆள் ஓடி வந்துவிட்டார். நான் பக்கத்து நாற்காலியிலேயே முழுசாக உட்கார்ந்திருக்கிறேன், என் கையைப் பிடித்துக்கொண்டே எனக்காக அழுகிறாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு நான் கண்ணயர்ந்தால், மெல்ல வந்து என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள். மூச்சு வந்தால் போய்விடுவாள். எத்தனையோ முறை விழித்திருந்தும் தூங்குகிற மாதிரியே கிடந்திருக்கிறேன். என் தொழில் அவளை இப்படிப் பயப்பட வைத்துவிட்டதே என்று வெட்கமாக இருக்கும்.

"ஒரு படத்துலயாவது கடைசி வரைக்கும் உசுரோட இருங்க, அன்னைக்குத் தியேட்டருக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். அப்புறம் வந்த படங்களையெல்லாம் நான் தனியாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். நான் செத்ததும் எழுந்து வந்துவிடுவேன்.

படத்துக்குத்தான் வர மாட்டாளே தவிர, அந்தச் சிரிப்பு விஷயத்தில் கறாராக இருந்தாள். படப்பிடிப்பு முடிந்து நான் செருப்பைக் கழற்றும்போதே முதல் கேள்வி, "சிரிச்சீகளா?" அதற்கப்புறம்தான் சாப்பாடு. ஒருமுறை மழை வந்து யூனிட் அவசரமாகக் கலைந்தது, சிரிப்பை எடுக்கவில்லை. வீட்டில் வந்து சிரித்ததாகப் பொய் சொன்னேன். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்து நானே உளறிவிட்டேன். காய்ச்சல் விட்ட கையோடு என்னைப் போட்டோ ஸ்டுடியோவுக்கு இழுத்துப்போய், சிரிக்கிற மாதிரி ஒரு பாஸ்போர்ட் சைஸ் எடுக்கச் சொன்னாள். பாஸ்போர்ட்டுக்குச் சிரிக்கக் கூடாது டீச்சர் என்று ஸ்டுடியோக்காரர் மன்றாடினார். அவரும் இவளிடம் படித்தவர், அதனால் எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்தப் படம் இன்னும் அவள் பர்ஸில்தான் இருக்கிறது. அதில் நான் சிரிக்கிற மாதிரி யாருக்கும் தெரிவதில்லை.

இப்படியே பதினெட்டு வருடம் போனது. பிறகு அந்த அழைப்பு வந்தது. டைரக்டர் புதியவர், முதல் படம். வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் போன அண்ணன் தம்பி கதை. நான் தம்பி. எங்கே சாகிறேன் என்று வழக்கம்போலக் கேட்டேன். நீங்கள் சாகவில்லை சார், கடைசிக் காட்சியில் அண்ணன்தான் சாகிறார், அவர் உடலுக்கு முன்னால் நின்று நீங்கள் பேசுகிறீர்கள், அதோடு குடும்பம் ஒன்று சேர்கிறது, படம் முடிகிறது என்றார். பேச்சு ஒன்றரைப் பக்கம் இருந்தது. அதுவரை நான் ஒரு படத்தில் பேசிய நீளமான வசனம், "ஐயோ, நெஞ்சு" என்பதுதான்.

வீட்டில் சொன்னேன். செசிலி நம்பவில்லை. வசனப் பக்கத்தை வாங்கிக் கடைசி வரி வரை படித்துவிட்டு, "அதுக்குப் பெறகும் ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள். ஆகவில்லை என்றேன். உடனே சிவப்புப் பேனாவை எடுத்தாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று கோடு போட்டாள். பத்து நாள் தினமும் சாயங்காலம் என்னை நிற்கவைத்து ஒப்பிக்கச் சொன்னாள். கடைசி நாள் முழுசாகச் சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தியேட்டருக்கு வருகிறேன் என்றாள். அதற்கு முன்னால் படப்பிடிப்பில் நேரிலும் ஒருமுறை பார்த்துவிடுவதாகவும், அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டோடு வருவதாகவும் சொன்னாள். கல்யாணமான புதிதில்கூட என்னைப் பற்றி அவள் இவ்வளவு ஆசையாகப் பேசி நான் கேட்டதில்லை.

படப்பிடிப்பு அதே கொத்தமங்கலத்தில், வேறொரு வீட்டில். மறுநாள் அந்த வீட்டுக்காரர்கள் படைப்புக்காகக் குடும்பத்தோடு வருகிறார்கள். முன்னோர்களைக் கும்பிடுகிற நாள் என்பதால் சாயங்காலத்துக்குள் வீட்டைக் கூட்டிப் பெருக்கிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று கண்டிப்பு. சாக்கோட்டைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ்ஸில் ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். முற்றத்தில் பாடை தயார்.

அண்ணனாக நடிக்கிறவர் சென்னைக்காரர். என்னைவிட மூத்த நடிகர், நல்ல மனிதர். மேக்கப் போட்டுக்கொண்டு வந்தவர் பாடையைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மகளுக்கு ஒன்பது நாளில் கல்யாணம். முந்தின நாள்தான் வீட்டில் பந்தக்கால் ஊன்றியிருக்கிறார்கள். இன்று என்ன காட்சி என்று அவர் மனைவி போனில் கேட்டிருக்கிறார், இவரும் மறைக்காமல் சொல்லிவிட்டார். அந்த அம்மா அழுத அழுகை இவரைக் கட்டிப்போட்டுவிட்டது. தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

டைரக்டரின் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். பதினெட்டு வருடம் தொழிலில் இருந்தவனுக்கு அந்தப் பார்வை தெரியும்.

தம்பி செத்து அண்ணன் பேசினால் இன்னும் உருக்கமாக இருக்கும் சார் என்று ஆரம்பித்தார். பத்து நிமிடம் தருகிறேன், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

நான் பின்கட்டுக்குப் போய்க் குழாயடியில் நின்றேன். அழுகை வந்தது. ஐம்பத்தெட்டு வயது ஆளுக்கு, மீசையெல்லாம் ஒட்டிக்கொண்டு, நிஜமான அழுகை. முடியாது என்று சொல்ல எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஒப்பந்தம் எழுதிப் பழகிய கை, எந்த வரியைக் காட்டி மறுக்கலாம் என்றுகூடத் தெரியும். திரும்பி வந்தபோது அந்த அண்ணன் நடிகர் அதே படியில், கொடுப்பதற்காகக் கொண்டுவந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலிலேயே சிரித்தீர்களா என்று கேட்கிற ஒரு மனைவியோடு பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தியவன் நான். இன்னொருவர் மனைவியைப் பார்த்து, பயப்படாதே அம்மா, இதெல்லாம் மூடநம்பிக்கை என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்?

நானே படுக்கிறேன் என்றேன். வசனப் பக்கத்தை அவரிடம் கொடுத்தேன். இந்தச் சிவப்புக் கோடெல்லாம் என்ன சார் என்று கேட்டார். அங்கெல்லாம் நிறுத்த வேண்டும், நிறுத்தாவிட்டால் திட்டு விழும் என்றேன். யாரிடம் என்று அவர் கேட்கவில்லை.

தம்பி தங்கைகளே, இந்த மாதிரி நேரத்தில் பதிலுக்கு எதையும் கேட்டு வாங்காதீர்கள். கேட்டால் கிடைக்கும், ஆனால் அதற்குப் பிறகு உங்களைப் பார்க்கும்போதெல்லாம் டைரக்டருக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஷாட் முடிந்ததும் மறக்காமல் என் சிரிப்பை எடுத்துவிட வேண்டும் என்றேன். கண்டிப்பாக சார் என்றார். செசிலிக்குச் சொல்லிவிடலாம் என்று போனைத் தேடினேன். அது மேக்கப் அறையில் பைக்குள் கிடந்தது, அதற்குள் தாடையைக் கட்ட ஆள் வந்துவிட்டார். அவள் வரும் நேரத்துக்குள் ஷாட் முடிந்துவிடும், எழுந்து வாசலில் நின்று நானே சொல்லிவிடலாம் என்று நினைத்துப் படுத்துவிட்டேன்.

பிணத்துக்குக் கண் தெரியாது. ஆனால் காது நன்றாகக் கேட்கும். சுற்றிலும் நாற்பது பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். கேமரா ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவே என் தலைமாட்டில் தரையில் டிபன் கேரியர் வைக்கிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக் கேரியரின் சத்தம் எனக்குத் தெரியாதா? அவள் ஒரு பஸ் முன்னாலேயே வந்துவிட்டாள்.

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. வாசலில் நின்ற காவலாள் அவளிடம் படித்தவர், "உள்ள போங்க டீச்சர், இப்பத்தான் படுக்கப் போட்டாக" என்றிருக்கிறார். உள்ளே ஒரே அழுகைச் சத்தம். இந்தப் படத்தில் இவர் சாகவில்லை என்று பத்து நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தவள், வேகமாக உள்ளே நுழைந்திருக்கிறாள். உதவி டைரக்டர் அவளையும் கூட்டத்து ஆள் என்று நினைத்து, சும்மா நிற்காதீர்கள் அம்மா, பக்கத்தில் போங்கள் என்று முன்னால் தள்ளிவிட்டார்.

என் மூக்குக்குக் கீழே அந்த விரல் வந்தது.

மூக்கில் பஞ்சு வைத்திருக்கிறது. போதாததற்கு நான் மூச்சை அடக்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிடைத்த காற்று அன்றைக்கு அவள் விரலுக்குக் கிடைக்கவில்லை. அந்த விரல் நடுங்கியது. என் மீசை மேல் அந்த நடுக்கம் எனக்குத் தெரிந்தது. நான் கண்ணைத் திறந்தால் ஷாட் போய்விடும், அழுத நாற்பது பேரும் மறுபடி அழ வேண்டும், வெளிச்சம் நிற்காது, சாவியைக் கொடுத்தாக வேண்டும். திறக்காவிட்டால் இவள் இந்த இடத்திலேயே விழுந்துவிடுவாள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

எனக்கு யோசிக்க நேரம் இல்லை. கேரியர் சத்தம் கேட்டதிலிருந்து உள்ளே பதினேழாம் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. அதையே சன்னமாக வெளியே விட்டேன். தாடையைக் கட்டியிருந்ததால் உதடு அசையவில்லை, ஒப்பாரியில் வேறு யாருக்கும் கேட்கவும் இல்லை. அவள் குனிந்து என் வாயருகே காதை வைத்தாள். நான் பதினேழேழு வரை வந்துவிட்டேன்.

அவள் விரலை எடுத்தாள். காதோரம் மூச்சுச் சூடு பட்டது.

"இதுலயும் செத்துட்டீகளா?" என்றாள்.

அதைச் சொன்னதும் பாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஓவென்று அழுதாள். உயிர் இருக்கிறது என்று தெரிந்த பிறகு வந்த அழுகை அது. டைரக்டர் கட் சொல்லாமல் அப்படியே விட்டார். கட் சொன்னதும் ஓடி வந்து, அந்த விரல் வைத்துப் பார்த்த அம்மா யார், எந்தக் கம்பெனி ஏற்பாடு, முன்னால் எதில் நடித்திருக்கிறார்கள் என்று கேட்டார். செசிலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பாடு கொண்டுவந்திருப்பதாகச் சொன்னாள்.

அண்ணன் நடிகர் வந்து கை கூப்பி, மகள் கல்யாண விஷயத்தைச் சொன்னார். செசிலி பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குள் டைரக்டர், அடுத்த ஷாட் பேச்சு, அண்ணன் முகம் மட்டும்தான், கேமராவை அங்குட்டுக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார். ஆட்கள் லைட்டைத் தூக்கினார்கள். நான் படுத்தபடியே சிரிப்பு, சிரிப்பு என்று முனகினேன். அதைச் சென்னையில் எடுத்துக்கொள்ளலாம் சார் என்றார் உதவி டைரக்டர்.

செசிலி ஒரு நாற்காலியை இழுத்துப் பாடைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கேரியரை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சிரிக்காம இவக இங்கருந்து எந்திரிக்க மாட்டாக" என்றாள்.

டைரக்டர் நேரத்தைக் காட்டினார், வெளிச்சத்தைக் காட்டினார், இரண்டு பஸ் ஆட்களைக் காட்டினார். அவள் கடைசி பெஞ்ச் மாணவனைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தாள். லைட்டெல்லாம் திரும்பி வந்தது. கேமரா ஓடியது. லென்ஸைப் பார்த்துச் சிரிங்க சார் என்றார்கள். தாடைக் கட்டை அவிழ்த்து, பஞ்சை எடுத்து, எழுந்து உட்கார்ந்து சிரித்தேன். எனக்கே பயமாக இருந்தது. ஒன்றரைப் பக்கமும் போய், அவளையும் அழவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு எங்கிருந்து சிரிப்பு வரும்? இன்னொரு முறை சிரித்தேன். அது இன்னும் மோசம்.

கேமராவுக்கு இடது பக்கத்திலிருந்து, வகுப்பில் பேசுகிற அதே குரலில், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அவள் சொன்னாள்.

"பதினேழேழு நூத்திப் பத்தொம்பது. நீங்க நூத்தி ஒம்பதுன்னு சொன்னீக."

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு. மாலை குலுங்கி, நெற்றிக் காசு விழுந்து உருண்டு, கண்ணில் தண்ணீர் வந்து, பாடை கிரீச்சிடுகிற மாதிரிச் சிரித்தேன். என் பெண்டாட்டி என் சாவிலும் தப்புத் திருத்தியிருக்கிறாள் என்று நினைக்க நினைக்க அடங்கவில்லை. அவளும் கேரியர் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். டைரக்டர் தயங்கி, சார் லென்ஸைப் பார்க்காமல் இடது பக்கமே பார்க்கிறீர்கள், இன்னொன்று போகலாமா என்றார். தூக்கிப் போடுகிற துண்டுதானே, இருக்கட்டும் என்று கேமராமேன் சொல்லிவிட்டார். நான் இறங்கிப் போய்ச் சாப்பிட்டேன். அண்ணன் நடிகர் என் பேச்சைப் பேசுவதைத் தூரத்திலிருந்து கேட்டேன். நன்றாகத்தான் பேசினார். அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது.

படம் வந்தது. செசிலி வரவில்லை. வாக்கு வாக்குதானே, நான் செத்துவிட்டேன். வழக்கம்போலத் தனியாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பேச்சு முடிந்து, குடும்பம் ஒன்று சேர்ந்து, ஆட்கள் எழுந்திருக்கிற நேரத்தில், திரையில் மறுபடி பாடை வந்தது. பிணம் பஞ்சை எடுத்தது, எழுந்து உட்கார்ந்தது. முதல் இரண்டு அசட்டுச் சிரிப்பும் இல்லை, மூன்றாவது மட்டும், முழுசாக. எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். தியேட்டர் மொத்தமும் என்னோடு சேர்ந்து சிரித்தது. எங்கள் தொழிலில் பதினெட்டு வருடமாகக் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்த துண்டை அந்த டைரக்டர் பொறுக்கி எடுத்துப் படத்தின் கடைசியில் ஒட்டியிருந்தார்.

தம்பி தங்கைகளே, நான் சொல்ல வந்தது இதுதான். பேச்சு கைமாறிப் போகும், வேடம் மாறிப் போகும். யாரும் பார்க்கப்போவதில்லை என்று எடுக்கிற துண்டிலும் முழு மனசோடு இருங்கள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். கடைசி வரைக்கும் உயிரோடுதான் இருக்கிறேன், வேண்டுமானால் வந்து பார் என்றேன். அவள் நம்பாமல்தான் மறுநாள் காலைக் காட்சிக்கு வந்தாள். தான் விரல் வைக்கிற இடத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணன் நடிகர் பேசும்போது, ஒவ்வொரு சிவப்புக் கோட்டிலும் அவர் நிறுத்தினாரா என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் நிறுத்தினார்.

பிறகு நான் எழுந்து உட்கார்ந்தேன். சிரித்தேன். தியேட்டர் சிரித்தது. எங்களுக்கு முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளிடம், "அந்தாளு ஓரமா யாரையோ பாத்துட்டுல்ல சிரிக்கிறாரு, யாரடி அது?" என்று கேட்டார்.

தியேட்டரில் யார் பேசினாலும் அதட்டுகிற என் மனைவி, முன்னால் குனிந்து அந்த அம்மாவின் தோளைத் தட்டினாள்.

"என்னயப் பாத்துத்தான்" என்றாள்.